நில அளவர், வரைவாளர், நகரமைப்புப் பணியாளர் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் நில அளவை, வரைபடம், நகரமைப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும், அவர்களுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்கிற அலுவலர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். பல ஆண்டுகள் களத்தில் சங்கிலி பிடித்து, அப்புறம் பயிற்சி வகுப்புகளுக்கு வந்தவன் நான். பதில்களில் விதிமுறையும் இருக்கும், என் சொந்தக் கருத்தும் இருக்கும்.

ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ சர்வே படித்துவிட்டுத்தானே வருகிறார்கள், மறுபடியும் துறைப் பயிற்சி எதற்கு?

அங்கே படிப்பது அளவை. இங்கே செய்வது நில அளவை. இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. கல்லூரியில் ஒரு மைதானத்தைக் கொடுத்து அளக்கச் சொல்வார்கள். நீங்கள் அளந்தது எதுவோ அதுதான் விடை. துறை வேலையில் அந்த நிலத்தை உங்களுக்கு முன்பே ஒருவர் அளந்து, கல் நட்டு, படம் வரைந்து, பதிவேட்டில் ஏற்றிவிட்டார். அவர் எந்த இடத்தை எல்லை என்று வைத்தார் என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. இதை எந்தக் கருவியும் சொல்லித்தராது.

சென்னையில் நில அளவைக்கென்று பள்ளிக்கூடம் தொடங்கியது 1794-இல். மைக்கேல் டாப்பிங் என்பவர் கோட்டைக்குப் பக்கத்தில் எட்டு மாணவர்களோடு ஆரம்பித்தார். அதுதான் பிற்பாடு கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. படித்த ஆளாக இருந்தாலும் இந்த வேலைக்கென்று தனியாகப் பழக வேண்டும் என்று அன்றைக்கே உணர்ந்திருக்கிறார்கள்.

முதல் நாள் எதிலிருந்து தொடங்குவது?

புலப்படத்திலிருந்து. ஒவ்வொரு புல எண்ணுக்கும் அளவுகளோடு தனியாக வரைந்த, எஃப்.எம்.பி. என்று எல்லோரும் சொல்கிற அந்த ஒற்றைத் தாளிலிருந்து. முதல் வாரம் முழுக்க அதற்கே கொடுத்தாலும் தவறில்லை.

புதிதாக வருகிறவர்கள் அதைப் படமாகப் பார்க்கிறார்கள். அதைக் கணக்காகப் பார்க்கப் பழக்க வேண்டும். வெளிக்கோடு எஃப்-லைன், அதாவது புலத்தின் எல்லை. உள்ளே புலத்தை முக்கோணங்களாகப் பிரித்து ஓடுவது ஜி-லைன். ஜி-லைன் மேல் இத்தனை மீட்டரில் நின்று, செங்குத்தாக இத்தனை மீட்டர் போனால் எல்லை வளைவு வரும் என்று லேடர் என்கிற அளவுப் பட்டியலில் எழுதியிருக்கும். வெளியே சுற்றிலும் பக்கத்துப் புல எண்கள். 1:1000, 1:2000 என்று அளவுத்திட்டம் மேலே இருக்கும். ஆனால் ஸ்கேல் வைத்து அளந்து பதில் சொல்லவே கூடாது. எழுதியிருக்கும் எண்தான் அளவு. தாள் நீளும், சுருங்கும், நகலெடுக்கும்போது மாறும்.

நான் தருகிற முதல் பயிற்சி இதுதான். அடுத்தடுத்த இரண்டு புலங்களின் படங்களைக் கையில் கொடுத்து, பொது எல்லையின் நீளத்தை இரண்டிலும் பார்க்கச் சொல்வேன். ஒன்றில் 47.2 மீட்டர், இன்னொன்றில் 46.8 மீட்டர். இரண்டு மூன்று பேர் உடனே கவனிப்பார்கள். மீதிப் பேர் கவனிக்க மாட்டார்கள். கவனித்தவர்களிடம், "எது சரி?" என்று கேட்பேன். யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த இடத்தில்தான் புல எண் வாரியாக நில விவரம் எழுதிய அ-பதிவேடு, கிராம வரைபடம், பழைய அளவுப் புத்தகம் எல்லாம் எதற்கு இருக்கின்றன என்று அவர்களுக்குப் புரிய ஆரம்பிக்கும். பதிவறைக்குப் போய்த் தேடுகிற பழக்கம் அன்றைக்கே தொடங்கிவிட வேண்டும்.

செயற்கைக்கோளை வைத்து இடம் குறிக்கிற டி.ஜி.பி.எஸ்., ரோவர் எல்லாம் வந்த பிறகும் சங்கிலியும், செங்கோணம் பிடிக்கிற கிராஸ் ஸ்டாஃபும் சொல்லித்தர வேண்டுமா?

வேண்டும். பழமைப் பற்றால் சொல்லவில்லை. நம் கையிலிருக்கும் புலப்படங்களில் பெரும்பாலானவை சங்கிலியாலும், கோட்டிலிருந்து செங்குத்தாக எடுக்கிற ஆஃப்செட் அளவாலும் உண்டானவை. அந்த முறையில் எங்கெங்கே பிழை வரும் என்று கையால் உணர்ந்தவர்தான் அந்தப் படத்தைச் சரியாக வாசிப்பார். சங்கிலி தொய்ந்தால் என்ன ஆகும், மேட்டில் சாய்வாகப் பிடித்தால் என்ன ஆகும், செயின்மேன் ஒவ்வொரு சங்கிலி முடிவிலும் ஊன்றுகிற கம்பி அம்பு ஒன்றை விட்டுவிட்டால் எத்தனை மீட்டர் காணாமல் போகும் என்பதெல்லாம் ஒரு நாள் வெயிலில் நின்றால் தெரிந்துவிடும்.

பழைய அளவுகளையும் அப்போதே சொல்லிக் கொடுத்துவிடலாம். குண்டர் சங்கிலி 66 அடி, 100 லிங்க். பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அப்படியானால் ஒரு சென்ட் என்பது சரியாக 1000 சதுர லிங்க். இதைப் பலகையில் போட்டுக் காட்டும்போது வகுப்பில் முகங்கள் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். மனப்பாடம் செய்த 435.6 சதுர அடி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிகிறது.

இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய லாம்டன் 1802-இல் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் அடிக்கோடு அளந்தார். சங்கிலியில் வெயில் படாமல் இருக்கப் பெட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு அளந்தார். 30 மீட்டர் எஃகு டேப் பத்து டிகிரி சூடேறினால் ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் நீளும். நம் புல வேலையில் அது பெரிய விஷயமில்லை. ஆனாலும், பிழை எங்கிருந்து வரும் என்று அந்த மனிதர் எவ்வளவு முன்கூட்டி யோசித்தார் என்பதைப் பயிற்சி பெறுகிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டும்.

அளவு பொருந்தவில்லை என்றால் என்ன செய்யச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு உட்பிரிவு. அண்ணன் தம்பி பாகம். ஒரு மூலைக் கல் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் நல்ல அகலமான வரப்பு ஒன்று ஓடியது, அதையே எல்லை என்று எடுத்துக்கொண்டேன். படத்தில் இருந்த 96 மீட்டர் கோடு களத்தில் 1.2 மீட்டர் குறைந்தது. நேரம் பிற்பகல் மூன்று, அடுத்த கிராமத்தில் இன்னொரு மனு காத்திருந்தது. அந்த 1.2 மீட்டரை எல்லா அளவிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டு, படத்தை மூடிவிட்டேன். தாளில் பார்த்தால் குறையே இல்லை.

அடுத்த ஆண்டு மேல் அலுவலர் மறுஅளவைக்கு வந்தார். என்னையும் அழைத்துப் போனார். முதலில் கருவியைத் திறக்கவே இல்லை. மூன்று பக்கத்துப் புலப்படங்களையும் விரித்து, நிற்கிற கற்களிலிருந்து இரண்டு வில் போட்டார். வில்கள் வெட்டிய இடத்தில் கடப்பாரையைப் போடச் சொன்னார். ஒன்றரை அடி ஆழத்தில் டங்கென்று சத்தம். மண்ணைத் துடைத்தால், கல்லின் தலையில் வெட்டுக்குறி. வரப்பிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி. நான் பிரித்துக் கொடுத்த கோட்டால் தம்பியின் கிணற்று மேடை அண்ணன் பக்கம் போயிருந்தது. ஒரு வருடமாக அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அந்தத் தம்பி என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்றைக்கும் எனக்கு அது நினைவில் இருக்கிறது.

அதனால் நான் சொல்லிக் கொடுப்பது இது. ஏற்கத்தக்க அளவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அதைப் பங்கிடக் கூடாது. தேட வேண்டும். ஒரு கோட்டை மறுபடி அளக்க வேண்டும். எண் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 62.4 என்பதை 26.4 என்று எழுதுவது அன்றாடம் நடப்பது. கல் இடம் பெயர்ந்திருக்கிறதா, பக்கத்துப் புலம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். அப்படியும் கிடைக்கவில்லையென்றால், "பொருந்தவில்லை, இத்தனை மீட்டர் வித்தியாசம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்படி எழுதியவரை மேலே இருப்பவர்கள் கடிந்துகொள்ளக் கூடாது. "எல்லோரும் முடிக்கிறார்கள், உனக்கு மட்டும் ஏன் வரவில்லை?" என்ற ஒரு கேள்வி போதும், அடுத்த தடவை அந்த இளைஞர் பங்கிட்டு மூடிவிடுவார். பயிற்சி தருகிறவர்களுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. வேகமாக முடித்தவருக்குக் கைதட்டாதீர்கள். பிழையைக் கண்டுபிடித்து எழுதியவருக்குத் தட்டுங்கள்.

ரோவர் பயிற்சியில் முக்கியமாக என்ன இருக்க வேண்டும்?

பொத்தான்களை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்வார்கள். எப்போது அந்தக் கருவியை நம்பக் கூடாது என்பதற்குத்தான் நாட்கள் வேண்டும். திரையில் 'ஃபிக்ஸ்டு' (இடம் உறுதியானது) வராமல் 'ஃப்ளோட்' (இன்னும் உறுதியாகவில்லை) என்று நிற்கும்போது புள்ளி எடுக்கக் கூடாது. மாந்தோப்பு, தென்னந்தோப்பு, இரண்டு மாடிகளுக்கு இடைப்பட்ட சந்து போன்ற இடங்களில் செயற்கைக்கோள் சமிக்ஞை இலையில் மறைபடும், சுவரில் பட்டுத் தெறித்து வரும். அங்கே வெளியில் இரண்டு புள்ளி எடுத்துக்கொண்டு, உள்ளே கோணமும் தூரமும் அளக்கிற டோட்டல் ஸ்டேஷன் போட வேண்டும்.

இன்னொன்று, கம்பத்தின் நீர்க்குமிழி. இரண்டு மீட்டர் கம்பம் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் புள்ளி மூன்றரை சென்டிமீட்டர் தள்ளிப்போகும். சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரு ஆணி அடித்து, கம்பத்தை வேண்டுமென்றே சாய்த்துப் பிடித்து நான்கு திசையிலும் புள்ளி எடுக்கச் சொல்லுங்கள். திரையில் நான்கு புள்ளிகளும் ஆணியைச் சுற்றி நிற்கும். அதற்கப்புறம் குமிழியைப் பார்க்காமல் யாரும் பொத்தானை அழுத்துவதில்லை.

தெரிந்த கல் ஒன்றில் தொடங்கி, தெரிந்த இன்னொரு கல்லில் முடிக்கிற வழக்கமும் வேண்டும். மாலையில் அந்தக் கல் காலையில் சொன்னதையே சொல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற வேண்டும்.

கருவியைப் பராமரிப்பதும் பயிற்சியில் சேருமா?

கட்டாயம். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் லாம்டனின் கோணம் அளக்கிற தியோடலைட்டை ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அரை டன் எடையுள்ள கருவி அது. அவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து தன் கையாலேயே சரிசெய்து வேலையைத் தொடர்ந்தார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பேட்டரி சார்ஜ், முக்காலித் திருகு, மழைத்துளியைத் துடைத்துப் பெட்டியில் வைப்பது, இவ்வளவு போதும்.

வரைவாளர்கள் அலுவலகத்தில் கணினி முன் இருப்பவர்கள்தானே, அவர்களையும் களத்துக்கு அனுப்ப வேண்டுமா?

அனுப்பியே ஆக வேண்டும். கொலாப்லேண்ட் மென்பொருளில் லேடர் எண்களை ஏற்றும்போது புலம் மூடவில்லை என்று காட்டினால், களம் பார்த்த வரைவாளர் அளவரைக் கூப்பிட்டுக் கேட்பார். களம் பார்க்காதவர் புள்ளியை இழுத்து ஒட்டிவிடுவார். முன்பு சொன்ன அதே சரிக்கட்டல்தான், இந்த முறை மௌஸால்.

வரைபட ஆட்களுக்கு ஆயத்தொலைவு முறைகள் தெளிவாகத் தெரிய வேண்டும். இங்கேதான் குழப்பம் அதிகம். யு.டி.எம். என்ற உலக வரைபடக் கட்டமுறையில் தமிழ்நாடு இரண்டு மண்டலங்களில் கிடக்கிறது. 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே 43, கிழக்கே 44. கோயம்புத்தூர் 43-இல், சென்னை 44-இல். அந்தக் கோடு திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவில் இறங்குகிறது. அந்தப் பகுதிக் கோப்புகளைத் தவறான மண்டலத்தில் திறந்தால் படம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி விழும். அது நல்லது, பிழை கண்ணில் பட்டுவிடும். ஆபத்து இன்னொன்றில் இருக்கிறது. பழைய இந்திய நில அளவைத் துறைத் தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பூமி வடிவக் கணக்கில் வரையப்பட்டவை. இன்றைய ஜி.பி.எஸ். தருவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறு கணக்கில். மாற்றாமல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் நூறு மீட்டருக்கு மேல் விலகும். பார்க்க ஏறக்குறைய சரி போலவே இருக்கும். ஏரிக்கரை பக்கத்து வயலில் கிடக்கும்.

ஹெக்டேர், ஏர்ஸ், சென்ட் குழப்பத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

அரை நாள் போதும், ஆனால் ஒதுக்குங்கள். பத்திரம் ஏக்கர் சென்ட்டில் இருக்கும், பட்டா ஹெக்டேர் ஏர்ஸில் இருக்கும். மனுதாரர் கேட்பது சென்ட்டில். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். முக்கோண மனை ஒன்று 42, 56, 70 மீட்டர் பக்கங்களோடு இருந்தால் பரப்பு 1176 சதுர மீட்டர், அதாவது 11.76 ஏர்ஸ். "உங்களுக்கு 29 சென்ட் இருக்கிறதம்மா" என்று அந்த இடத்திலேயே சொல்லத் தெரிய வேண்டும். ஹெக்டேர் கணக்கில் பூஜ்யம், புள்ளி, பதினொன்று என்று படித்துக் காட்டினால் அவர் பயந்துவிடுவார்.

நகரமைப்புப் பணியாளர்களுக்கு நில அளவை எவ்வளவு தெரிய வேண்டும்?

இப்போது தெரிந்திருப்பதைவிட நிறைய. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் கீழ் முழுமைத் திட்டமோ விரிவான வளர்ச்சித் திட்டமோ தயாரிக்கும்போது நிலப் பயன்பாடு கடைசியில் வந்து இறங்குவது புல எண்ணில். குடியிருப்பு, வணிகம், வேளாண்மை என்று வண்ணம் தீட்டுகிறவர் அந்தப் புலத்தின் அ-பதிவேட்டு வரியைப் பார்த்திருக்க வேண்டும். அதில் வாய்க்கால் என்று இருக்கிறதா, வண்டிப்பாதை என்று இருக்கிறதா, மேய்ச்சல் புறம்போக்கா, நத்தமா?

செயற்கைக்கோள் படத்தில் கோடைகாலத்து ஓடை வெறும் புதர் வரிசையாகத் தெரியும். மூன்று மீட்டர் அகல வாய்க்கால் தெரியவே தெரியாது. புலப்படத்தில் அது தனி உட்பிரிவு எண்ணோடு இருக்கும். ஒரு பயிற்சியில் திட்ட உதவியாளர்கள் இருபது பேரை ஒரு ஏரியின் கலங்கலில் இருந்து அடுத்த ஏரி வரை, கையில் கிராம வரைபடத்தோடு நடக்க வைத்தோம். படத்தில் நீலக் கோடு ஓடிய ஒரு இடத்தில் காம்பவுண்டு சுவர் நின்றது. யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2015 டிசம்பரில் சென்னையில் இருந்தவர்கள் அந்தச் சுவர் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்கள்.

இதை மறுபக்கமாகவும் சொல்ல வேண்டும். நில அளவர்களுக்கும் திட்டம் தெரிய வேண்டும். சாலை விரிவாக்கக் கோடு, திறந்தவெளி ஒதுக்கீடு போன்றவை எதற்கு என்று தெரிந்தால்தான் லேஅவுட் அளக்கும்போது பூங்காவின் மூலையையும் மனையின் மூலையைப் போலவே கவனமாக நடுவார்.

சட்டம் எவ்வளவு சொல்லித்தர வேண்டும்?

1923-ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் மட்டும் போதும், ஆனால் நன்றாக. பக்கத்து உரிமையாளர்களுக்கு அறிவிப்பு கொடுக்காமல் எல்லையில் கால் வைக்கக் கூடாது. 13-வது பிரிவின்படி அளவை முடிந்ததாக அறிவிக்கை வந்தபின், மனக்குறை உள்ளவர் 14-வது பிரிவின்படி மூன்று ஆண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றம் போகலாம். இதை மக்களுக்குச் சொல்வதும் நம் கடமை. உரிமை யாருக்கு என்று தீர்ப்புச் சொல்வது அளவரின் வேலை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

யார் யாருக்கு எங்கே பயிற்சி நடக்கிறது?

துறையின் நில அளவைப் பயிற்சி நிலையம் தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் இருக்கிறது. மேல்நிலைத் தொழில்நுட்பப் பயிற்சிக்கு இந்திய நில அளவைத் துறையின் ஹைதராபாத் நிறுவனம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் வருவாய்த் துறையினருக்கும் நில அளவைப் பயிற்சி உண்டு. அவர்களைப் பார்வையாளர்களாக உட்கார வைக்காதீர்கள், டேப்பின் ஒரு முனையைக் கையில் கொடுங்கள்.

வகுப்புக்கும் களத்துக்கும் நாட்களை எப்படிப் பிரிப்பது?

என் கணக்கில் ஒரு வகுப்பு நாளுக்கு இரண்டு கள நாள். களமும் பயிற்சி நிலையத்து வளாகமாக இருக்கக் கூடாது. நஞ்சை, புஞ்சை, நத்தம், நகர வார்டு என நான்கும் வேண்டும். நத்தத்தில் வீட்டுச் சுவர்களுக்கு நடுவே அளப்பது வேறு வித்தை. நடவுக் காலத்தில் நஞ்சைக்குக் கூட்டிப் போகாதீர்கள், பயிரை மிதித்துக் கற்கக் கூடாது.

பெண் நில அளவர்கள் நிறைய வருகிறார்கள். பயிற்சியில் மாற்றம் தேவையா?

பாடத்தில் ஒன்றும் மாற்ற வேண்டியதில்லை, ஏற்பாட்டில் மாற்ற வேண்டும். கள நாளுக்கு இடம் தேர்வு செய்யும்போது பக்கத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று பார்த்துத் தேர்வு செய்யுங்கள். தகராறு உள்ள இடத்துக்குத் தனியாக அனுப்பும் வழக்கத்தை நிறுத்துங்கள், இது ஆண்களுக்கும் பொருந்தும். "கருவியை அவர் பிடிக்கட்டும், நீ எழுதும்மா" என்று குழுவில் யாராவது சொன்னால் பயிற்றுநர் அங்கேயே தலையிட வேண்டும். எழுதிக்கொண்டே பயிற்சியை முடித்தவருக்கு முதல் கிராமத்தில் கை நடுங்கும்.

தேர்வு எப்படி வைக்கலாம்?

எழுத்துத் தேர்வு ஒன்று இருக்கட்டும். உண்மையான தேர்வு இப்படி இருக்க வேண்டும். ஒரு புலப்படத்தைக் கொடுங்கள், அதில் ஒரு எண்ணை மட்டும் மாற்றி வையுங்கள். களத்தில் ஒரு கல்லை மண்ணால் மூடுங்கள். இரண்டு பேராக அனுப்பி, மாலைக்குள் அறிக்கை கேளுங்கள். அறிக்கையில் மூன்று விஷயம் பாருங்கள்: கல்லைத் தேடினார்களா, மாற்றிய எண்ணைப் பிடித்தார்களா, பிடிக்க முடியாதபோது அதை ஒளிக்காமல் எழுதினார்களா. சென்ற முறை ஒரு ஜோடி கல்லையும் கண்டுபிடிக்கவில்லை, எண்ணையும் பிடிக்கவில்லை. ஆனால் "தென்கிழக்கு மூலை 0.9 மீட்டர் பொருந்தவில்லை, காரணம் தெரியவில்லை, நாளை பக்கத்துப் புலத்திலிருந்து மீண்டும் வர வேண்டும்" என்று எழுதியிருந்தார்கள். அவர்களுக்கு நான் தேர்ச்சி கொடுத்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு இரண்டு பேரும் கடப்பாரையோடு அதே மூலையில் நின்றார்கள்.